கத்தி எடுக்காத நாள்

மாத்திரை போட்டால் தூக்கம் வரும், போடாவிட்டால் தும்மல் வரும். மார்ச் மாதத்தில் சிகுசாவுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் வாழ்க்கை. ஒசாகாவுக்கு வடக்கே அந்த மலைச்சரிவு முழுக்க சுகி மரங்கள். போர் முடிந்த காலத்தில் எந்தப் புத்திசாலி அதிகாரியோ மலைக்கு மலை ஒரே மரத்தை நடச் சொன்னான். அவன் நட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான், ஊர் இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. காற்றடித்தால் மரங்களிலிருந்து மஞ்சள் புகையாகக் கிளம்பும் மகரந்தம். துணி காயப்போட முடியாது, ஜன்னல் திறக்க முடியாது. அன்று காலை சிகுசா தும்மலை விட்டுத் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். கை அசையாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

பல்கலைக்கழகத்தின் விலங்குக்கூடம் ஜன்னலில்லாத கட்டடம். உள்ளே போனால் காலையா மாலையா என்று தெரியாது. காற்று இயந்திரம் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே இருக்கும். மாத்திரை மயக்கத்தில் அந்த முனகல் தன் மண்டைக்குள்ளிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்று சிகுசாவுக்குக் குழப்பமாக இருந்தது. கை மட்டும் தெளிவாக இருந்தது. வெள்ளை உடம்பும் மிளகுக் கண்ணும் கொண்ட பத்துச் சுண்டெலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றுக்குள் ஒரு சொட்டுக் கிருமிக் கலவையை ஊசியால் ஏற்றினாள். பத்தும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மரத்தூளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

முப்பத்துநான்கு வயது நிஷிவாக்கி சிகுசாவின் ஆராய்ச்சி ஒரே ஒரு செல்லைப் பற்றியது. மாஸ்ட் செல். ஜப்பானிய மொழியில் அதற்குக் கொழுத்த செல் என்றுதான் பெயர். பெயரைக் கேட்டு, உடம்பை இளைக்க வைக்கிற ஆராய்ச்சி என்று நினைத்து அவளிடம் யோசனை கேட்டு வந்தவர்கள் உண்டு. அதற்கும் உடம்புப் பருமனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோலுக்கடியில், குடல் ஓரத்தில், ரத்தக்குழாயை ஒட்டி, வெளியுலகம் உள்ளே நுழைகிற இடமெல்லாம் அது உட்கார்ந்திருக்கும். வயிறு நிறைய மணிமணியாக மருந்துப் பொட்டலங்கள். மகரந்தம் பட்டால் போதும், பொட்டலங்களை அவிழ்த்துக் கொட்டிவிடும். அதனால்தான் தும்மல், அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு எல்லாம்.

துறைத் தலைவர் பேராசிரியர் ஓகிஷிமாவை எல்லாரும் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தச் செல்லை அடக்குவது எப்படி என்று இருபது வருஷம் ஆராய்ந்தவர். அவர் கணக்கில் அது வேலைவெட்டியில்லாத கலகக்காரன். சிகுசாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. தும்ம வைப்பதற்காகவா ஒரு செல் இத்தனை கோடி வருஷம் வாசலில் காத்துக் கிடந்திருக்கும்? கிருமி வந்தால் முதலில் கூச்சல் போடுவது அதுதான், அந்தக் கூச்சல் இல்லாவிட்டால் காப்பாற்ற வேண்டிய மற்ற செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும் என்று அவள் நம்பினாள். சொன்னால் சென்செய் சிரித்தார்.

"உன் மூக்கைப் பார்த்துட்டுமா நீ அதுக்கு வக்காலத்து வாங்குறே?"

அந்த வெள்ளைச் சுண்டெலிகளுக்குப் பிறவியிலேயே மாஸ்ட் செல் கிடையாது. அதனால்தான் அவற்றின் மேல் சிகுசாவுக்கு அத்தனை உயிர். ஆனால் அந்த இனத்தை வளர்ப்பது சுலபமல்ல. இரண்டு வேறு வம்சங்களை இணைசேர்த்தால் நாலு குட்டிக்கு ஒன்றுதான் வெள்ளையாகப் பிறக்கும், அதுவும் சோகை பிடித்ததாக. மார்ச் முடிந்ததும் இந்த இனத்தை நிறுத்திவிடுவது என்று சென்செய் முடிவு செய்துவிட்டார். சிகுசாவுக்கும் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தார். ஏப்ரலிலிருந்து அவள் மாஸ்ட் செல்லை வாயடைக்கும் மாத்திரை செய்ய வேண்டும். கடைசியாக ஒரு பரிசோதனைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தாள். அது பலித்தால் இனமும் பிழைக்கும், அவள் கேள்வியும் பிழைக்கும். பலிக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அந்தப் பத்தில் ஐந்துக்கு, அவளோடு வேலை பார்க்கும் இவாகிரி சில வாரங்களுக்கு முன்பே, கிண்ணத்தில் வளர்த்த மாஸ்ட் செல்களை வயிற்றுக்குள் ஏற்றியிருந்தான். ஐந்துக்கு வலது காதில் ஓட்டை, ஐந்துக்கு இடது காதில். எந்தக் காதுக்காரர்களுக்குச் செல் போனது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆசைப்பட்ட கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு. காலையில் கிருமி, பிற்பகலில் பத்தையும் ஒரே நேரத்தில் கொன்று வயிற்றைக் கழுவி, மிஞ்சிய கிருமியை எண்ணுவது என்பது திட்டம்.

ஊசியை மூடி வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. விலங்குகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவும் தோகிவா-சான் கையில் ஒரு மரப்பலகையோடு வந்து நின்றாள். அறுபதை நெருங்கும் அம்மாள். எப்போதும் ஏப்ரன் பை பிதுங்க மிட்டாய் வைத்திருப்பாள். வாயும் அப்படித்தான், காலியாக இருக்காது.

"சிகுசா-சான், இன்னிக்கு என்னன்னு தெரியுமா?"

"வியாழக்கிழமை."

"கிழமையெல்லாம் சரியாத்தான் சொல்றே."

தோகிவா-சான் பலகையைத் திருப்பிக் காட்டினாள். இன்று கத்தி எடுக்காத நாள் என்று மையால் எழுதியிருந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள், ஆராய்ச்சியில் இறந்த விலங்குகளின் நினைவுக்கல்லுக்கு முன் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். அன்று காலை தொடங்கி மறுநாள் கூடம் திறக்கும் வரை அந்தக் கூரையின் கீழ் எவரும் ஓர் உயிரையும் எடுப்பதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. முன்பு எவனோ ஒருவன் மீறினான், அந்த வாரமே அவனுடைய குளிர்பெட்டி நின்றுபோய் ஆறு வருஷ உழைப்பு தண்ணீராக ஓடியது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பார்களே தவிர மீற மாட்டார்கள். வழக்கமாக இலையுதிர் காலத்தில் வருகிற நாள். புதுக் கட்டடத்துக்காகக் கல்லை இடம் மாற்றியதில் இந்த முறை பூசாரி மார்ச்சில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். அறிவிப்பு சிகுசாவின் கைக்கும் வந்திருந்தது. மாத்திரை மயக்கத்தில் படித்தாள், படித்த கையோடு மறந்தாள்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

தோகிவா-சான் கூண்டை எட்டிப் பார்த்தாள். "நல்ல நாள் பார்த்தே போ. கும்பிட வர்ற நேரத்துல இதுங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"சென்செய் காதுல போட்டுடாதீங்க."

"நான் ஏன் போடறேன்? அந்தாளு இன்னிக்கு உரை வாசிக்கணுமாம், காலையிலேருந்து கண்ணாடி முன்னால நின்னு பழகிட்டிருக்கார். இந்தா, மிட்டாய் சாப்பிடு. மூஞ்சியைப் பார்த்தா நீதான் ஊசி போட்டுக்கிட்ட மாதிரி இருக்கே."

கொஞ்ச நேரத்தில் இவாகிரி வந்தான். ஒல்லியான ஆள். எந்தச் சங்கடத்தையும் பகடியாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"அப்போ பிற்பகல்ல கொல்ல முடியாது. எண்ண முடியாது. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற வெள்ளை இருக்கா?"

"இந்த வயசுல இல்ல. இதுதான் கடைசி."

"நாளைக்குக் காலையில என்ன மிஞ்சுதோ அதை வெச்சுப் பார்ப்போம். நீங்க போய் மூஞ்சி கழுவுங்க. கறுப்பு உடுப்பு கொண்டு வந்தீங்களா, அதையும் மறந்தீங்களா?"

அதையும் மறந்திருந்தாள். யாருடைய கறுப்புக் கோட்டையோ வாங்கிப் போட்டுக்கொண்டாள். தோள் தொங்கியது, கை விரல் நுனி வரை மறைந்தது. பிற்பகல் தும்மலுக்குப் பயந்து இன்னொரு மாத்திரையும் விழுங்கினாள்.

புதிய இடத்தில் கல் ஈரமாக நின்றது. அதற்கு முன்னால் செவ்வந்திக் கொத்துகள், ஒரு தட்டில் கேரட், ஒரு தட்டில் சுண்டெலித் தீனி, குரங்குகளுக்காக வாழைப்பழம். மடக்கு நாற்காலிகளில் வெள்ளை முகமூடி அணிந்த கூட்டம். பாதிப்பேருக்கு மகரந்தம், மீதிப்பேருக்குத் தூக்கம். மலையிலிருந்து மஞ்சள் மூட்டம் மெல்ல இறங்கி ஊதுவத்திப் புகையோடு கலந்தது. எது எந்தப் புகை என்று தெரியவில்லை.

சென்செய் எழுந்து உரை வாசித்தார். கறுப்பு உடுப்பு அவருக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. "உங்கள் உயிரால் எங்கள் அறிவு வளர்ந்தது. இந்த ஒரு நாளாவது எங்கள் கை உங்கள் மேல் படாது" என்றார். சிகுசாவுக்கு நாற்காலிக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. காலையில் தன் கைதான் பட்டது, பத்து முறை பட்டது. அதன்பின் பூசாரி மந்திரம் ஓதத் தொடங்கினார். குரல் ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போனது. இமை கனத்தது. பிடித்து நிறுத்தினாள். மறுபடியும் கனத்தது.

ஓர் ஆற்றங்கரை தெரிந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சம். கரை நெடுகப் பெஞ்சுகள், பெஞ்சு நிறைய அம்மாள்கள். ஒசாகாக் கடைத்தெருவில் பார்க்கிற அதே கனத்த அம்மாள்கள், அதே புள்ளி போட்ட சட்டை, மடியில் அதே பிதுங்கிய பை. சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை வெட்டி இல்லையா இவர்களுக்கு என்று கேட்கத் தோன்றியது. அப்போது தெருக்கோடியில் ஒருவன் நுழைந்தான்.

"யாருடி அது? நம்ம தெருவுல பார்த்த மூஞ்சியா இல்லையே."

"செருப்பைக்கூடக் கழட்டாம வர்றான் பாரு."

ஓர் அம்மாள் எழுந்து மடியிலிருந்த பையை அப்படியே கவிழ்த்தாள். பக்கத்து அம்மாளும் கவிழ்த்தாள். கரை நெடுகப் பைகள் கவிழ்ந்தன. உள்ளேயிருந்து கொட்டியது கண்ணுக்குத் தெரியவில்லை, வாசனை மட்டும் ஆற்றுக்குள் இறங்கியது. கரை இளகியது. தண்ணீரிலிருந்து இளவட்டங்கள் எட்டிக் குதித்து, எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடினார்கள். அம்மாள்கள் கையை நீட்டிக் காட்டினார்கள்.

சிகுசா சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனாள். அதே ஆறு, அதே பெஞ்சுகள். பெஞ்சில் யாரும் இல்லை. வந்தவன் நிதானமாக நடந்தான், அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், பின்னால் நாற்பது பேர். ஆற்றில் படகுகள் போய்க்கொண்டிருந்தன, படகுகளில் இளவட்டங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட ஆளில்லை. சிகுசா கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தன் மடியில் பை இருக்கிறதா என்று தடவினாள். தொளதொளத்த கோட்டுக் கைதான் இருந்தது.

மணியடித்தது. இவாகிரி முழங்கையால் இடித்தான்.

"எழுந்திரிங்க, ஊதுவத்தி போடற முறை வந்துடுச்சு. பல்லைக் கடிக்கிறீங்க, பூசாரி திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்."

கல்லின் முன் போய்க் கும்பிட்டாள். எல்லா வருஷமும் கும்பிட்டவள்தான். கும்பிட்டு முடித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவள்தான். அன்று அவளுக்குப் பயமாக இருந்தது. பெட்டியை வாங்காமல் நேராக விலங்குக்கூடத்துக்குப் போனாள். இவாகிரி தன் பெட்டியோடு அவளுடைய பெட்டியையும் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கூண்டில் பாதி உயிரும் பாதி மௌனமுமாக இருந்தது. சில சுண்டெலிகள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு குடித்தன, ஒன்று இன்னொன்றின் மேல் ஏறித் தீனியைத் திருடியது. மூலையில் சில உருண்டையாகச் சுருண்டு கிடந்தன. மயிர் சிலிர்த்து, கண் மூடி, முதுகு மட்டும் ஏறி இறங்கியது. சிகுசா சுருண்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு புதுக் கூண்டில் விட்டாள். விடும்போது காதைப் பார்த்தாள். இடது. இடது. இடது. ஐந்தும் இடது. தீனி திருடிக்கொண்டிருந்தவை எல்லாம் வலது.

"இவாகிரி."

"நான் வாயைத் திறக்க மாட்டேன். அதுதான் ஒப்பந்தம்." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "என் மூஞ்சியையும் பார்க்காதீங்க. அது ஒப்பந்தத்தை மீறிக்கிட்டிருக்கு."

சிகுசாவுக்குக் கால் தரையில் இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷம் தன்னைத் தும்ம வைத்து, கண்ணைச் சிவக்க வைத்து, வசந்தம் முழுக்கத் தூங்க வைத்த அந்தச் செல்களைக் கட்டிக்கொள்ள முடியுமானால் கட்டிக்கொண்டிருப்பாள். ஜெயித்தாகிவிட்டது, ஊரே பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் இவாகிரி. "நீங்க இந்த நாளை மறந்தது பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு. கொன்னு எண்ணியிருந்தா கிருமி இத்தனை, அத்தனைன்னு ஒரு எண்ணிக்கைதான் கிடைச்சிருக்கும். சென்செய் அதுல ஆயிரம் ஓட்டை சொல்லுவார். இப்ப விட்டுடுங்க. காலையில வந்தா இந்தப் பக்கம் அஞ்சும் செத்திருக்கும், அந்தப் பக்கம் அஞ்சும் உசிரோட இருக்கும். அதுக்கு மேல என்ன சொல்லுவார்? நீங்க கைகூட வைக்க வேணாம். இன்னிக்குக் கை வைக்கவும் கூடாது. வாங்க, சோறு ஆறுது."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வழக்கமும் காப்பாற்றப்படும், ஆராய்ச்சியும் காப்பாற்றப்படும், இனமும் பிழைக்கும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றும் செய்யாமல் இருப்பது. சிகுசா ஸ்டூலை இழுத்துப்போட்டுப் புதுக் கூண்டின் முன் உட்கார்ந்தாள்.

ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வைத்த சோறு மாதிரி சில்லிட்டிருந்தது. தொட்டது அதற்குத் தெரிந்தது. நகரப் பார்த்தது, பின்கால் இழுத்துக்கொண்டது, அந்த இடத்திலேயே கிடந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் ஏதும் இல்லை. சுண்டெலிகள் வலியில் சத்தம் போடுவதில்லை, போட்டாலும் நம் காதுக்கு எட்டாது. விடியும் வரை இப்படியே இருக்கும். உள்ளே அந்தக் காலிப் பெஞ்சுகளின் ஊரில் யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். இங்கே பூனை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

இரக்கத்துக்காக வைத்த நாள். அந்த நாளைச் சாக்காக வைத்துக்கொண்டு இவற்றை இப்படிக் கிடக்க விடுவதா? கல்லிடம் கேட்டால் கல் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது, அது கல்.

"இவாகிரி, நீ வெளியே போ."

"ஏன்?"

"போன்னா போயேன்."

அவன் போகவில்லை. அவள் கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "வேணாம்" என்றான் மெதுவாக. "சென்செய் என்ன கேட்பார்னு யோசிங்க. பிழைச்சிருக்கலாம், நீதானே கொன்னேன்னு கேட்பார். அதுக்குப் பதில் கிடையாது நம்மகிட்ட."

"தெரியும்."

கழுத்தின் பின்னால் இரண்டு விரல், வாலில் ஒரு கை. ஒரு நொடிகூட ஆகாது, கை பழகிய வேலை. ஐந்தையும் அவளே செய்தாள். ஒவ்வொன்றையும் தாளின் மேல் நேராகக் கிடத்தினாள். முடிந்ததும் அறையில் காற்று இயந்திரத்தின் முனகல் மட்டும் கேட்டது. மயக்கம் முழுசாகக் கலைந்திருந்தது. அந்த மாதத்தில் முதல் முறையாக அவளுக்குத் தலை தெளிவாக இருந்தது, அந்தத் தெளிவு அவளுக்குப் பிடிக்கவில்லை.

இவாகிரி பழைய கூண்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சரி, நனைஞ்சாச்சு. நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு? இந்த அஞ்சையும் இப்பவே முடிச்சுடுங்க. ஒரே நேரம், ஒரே மாதிரி. வயித்தைக் கழுவி எண்ணிடுவோம். நீங்க முதல்ல போட்ட திட்டமே அதுதானே. முழு முடிவு கையில இருக்கும். நாள் எப்படியும் கெட்டுப்போச்சு."

அதுவும் சரிதான். அன்று அவன் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. சிகுசா கூண்டைத் திறந்து ஒன்றை எடுத்தாள். அது கையில் துள்ளியது. உடம்பு சூடாக இருந்தது. திருடிய தீனியின் துணுக்கு இன்னும் மீசையில் ஒட்டியிருந்தது. அவள் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. காலையில் அவள் கொடுத்த சாவை மாலைக்குள் துரத்திவிட்டு முகம் கழுவுகிறது. இதை வலியிலிருந்து விடுவிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதற்கு வலி இல்லை. இதைக் கொன்றால் அது தனக்காக மட்டும்தான்.

வேறெந்த நாளாக இருந்தாலும் கொன்றிருப்பாள். அதை அவள் மறைக்கவில்லை, தனக்குள்கூட மறைக்கவில்லை. அன்று கை எழவில்லை. கூண்டில் விட்டு மூடினாள்.

"முடியல" என்றாள்.

"அப்போ நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல" என்றான் இவாகிரி. இந்த முறை அவன் பகடி செய்யவில்லை.

அந்த நேரத்தில்தான் சென்செய் உள்ளே வந்தார். கறுப்பு உடுப்பிலிருந்து இன்னும் ஊதுவத்தி மணந்தது. சாப்பாட்டில் சிகுசாவைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தவர் தாளின் மேல் கிடந்த ஐந்தையும் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

"யார் செஞ்சது இது?"

"நான்தான், சென்செய்."

"நான் அங்க நின்னு ஊருக்கு முன்னால வாசிச்சேன். காது கேட்டுதா, தூங்கிட்டிருந்தியா?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா கேட்டுது."

அவள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள். இந்த நாளை மறந்தது, ஊசி போட்டது, இவை கிடந்த கிடை, கை வைத்தது, மற்ற ஐந்தின் மேல் கை வைக்க முடியாமல் போனது. சென்செய் குனிந்து பழைய கூண்டுக்குள் பார்த்தார். வலது காதில் ஓட்டை போட்ட ஐந்தும் அவருடைய மூச்சுக் காற்றுக்கு ஓடி ஒளிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்து அவரை மோந்தன.

"எந்தக் காது?" என்று இவாகிரியைக் கேட்டார்.

"வலது, சென்செய். செல் போனது வலது காதுக்கு."

சென்செய் தாளில் கிடந்தவற்றின் காதுகளைப் பார்த்தார். மறுபடி கூண்டைப் பார்த்தார். இருபது வருஷமாகத் தெரிந்த ஒருவனைப் பற்றித் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டவர் போல வெகுநேரம் குனிந்தே நின்றார். நிமிர்ந்தபோது கோபம் போயிருந்தது, களைப்பு தெரிந்தது.

"இதை வெச்சு ஒரு வரி எழுத முடியாது" என்றார்.

"தெரியும்."

"அந்த அஞ்சும் பிழைச்சிருக்குமோ என்னவோ. யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது, சென்செய்."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "கண்ணு இருக்கே எனக்கு." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "இனத்தை நிறுத்த வேணாம். ஒரு வருஷம் தர்றேன். கம்பெனிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். முதல்லேருந்து செய். ஆனா பெரிசா செய், நாலு மடங்கு. இந்த முறை கை வைக்கக் கூடாது. சாகிறது தானா சாகணும், கடைசி ஒண்ணு வரைக்கும். எது எப்ப செத்துதுன்னு எனக்கு வேணும். பாதியில மனசு இளகினா மொத்தமும் வீண், இன்னிக்கு மாதிரி. புரியுதா?"

"புரியுது."

"முடியுமா உன்னால?"

சிகுசா தலை தாழ்த்தி, இடுப்பு வளைய வணங்கினாள். தொளதொளத்த கோட்டுக் கை தரையைத் தொட்டது. "ரொம்ப நன்றி, சென்செய்" என்றாள். வேண்டியது கிடைத்துவிட்டது. கேள்வி பிழைத்தது, இனம் பிழைத்தது, அவளும் பிழைத்தாள். அவர் கதவைத் தாண்டிப் போன பிறகும் அவள் நிமிரவில்லை. எதற்கு நன்றி சொன்னோம் என்பது குனிந்திருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இவாகிரி சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான். அவனைத் தாண்டிக்கொண்டு தோகிவா-சான் நுழைந்தாள். சென்செய் வழியில் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பு. தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஏப்ரனைத் தளர்த்திக்கொண்டு அருகே வந்தாள். தாளின் ஓரத்தை மடித்து ஐந்தையும் மூடினாள்.

"நிறுத்த வேணாமாமே" என்றாள். "நல்லதாப் போச்சு. அதுங்களை மொத்தமா முடிக்கணுமேன்னு எனக்கு ஒரு மாசமாத் தூக்கம் கிடையாது."

"நாலு மடங்கு வேணுமாம், தோகிவா-சான்."

தோகிவா-சான் அவளைப் பார்த்தாள். அந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். நாலு குட்டிக்கு ஒன்றுதான் வெள்ளை. மிச்சம் மூன்று கறுப்பாகப் பிறக்கும், எதற்கும் வேண்டாதவையாக.

"எப்ப ஜோடி போடறது?"

"நாளைக்கே."

"எத்தனை ஜோடி?"

சிகுசா கொஞ்சம் தயங்குவோம் என்றுதான் நினைத்தாள். தயங்க முடியவில்லை. பல மாதங்களாக ஆசையோடு போட்டு வைத்திருந்த கணக்கு, கேட்டதும் நாக்கில் வந்து நின்றது.

"நாப்பது" என்றாள்.